மிரண்டாவும் அவளுடைய பதினான்கு பிள்ளைகளும்

புக்கிட் பாத்தோக்,
தவக்காலம் இரண்டாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்.

அன்பு மகள் மிரண்டாவுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், அம்மா, உன் தம்பி ஜோனா மூவரும் சுகம், என் வலது முட்டி மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. கம்போடியாவில் நீயும் இல்லத்துச் சிஸ்டரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்ன, போன ஞாயிறு மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும், ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கைபேசி இருக்கும்போது அப்பா ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நீ கேட்பாய். கைபேசியில் நான் வாயைத் திறந்தால் பிள்ளைங்க கூப்பிடுறாங்கப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதோடு உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. அதை இப்போதே இழுத்துப் பார்க்காதே, சின்ன வயதிலிருந்தே கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற கெட்ட பழக்கம் உனக்கு.

வீட்டுச் சேதி முதலில். ஜோனா வேலை மாறிவிட்டான், சம்பளம் எவ்வளவு என்று அம்மாவிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் சொல்கிறான். அம்மா கோயில் மறைக்கல்வி வகுப்பில் இந்த வருஷம் மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டாள், வீட்டிலும் என்னை மூன்றாம் வகுப்பாகவே நடத்துகிறாள். போன வாரம் ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன், கல்லூரிப் பை மாட்டிய ஒரு தமிழ்ப் பெண் எழுந்து, உக்காருங்க தாத்தா என்றாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயதுதான், அதற்கு முந்தின நாள்தான் மீசைக்கு மை அடித்திருந்தேன். நான் யாருக்கும் தாத்தா இல்லம்மா என்று முறைத்துவிட்டு, இரண்டு ரயில் மாறி, புக்கிட் பாத்தோக் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முட்டி பேசிய பேச்சைக் கடிதத்தில் எழுத முடியாது. சொந்தமாக ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் மகளைப் பெற்று வளர்த்துவிட்டு, கடைக்குப் போய்த் தைலம் வாங்குகிற தகப்பன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனி பாவசங்கீர்த்தனம். ஜனவரியில் நீ அனுப்பிய தாள் தபாலில் தொலைந்துபோயிற்று என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, தொலையவில்லை. தபால்பெட்டியிலிருந்து நானே எடுத்தேன், படித்தேன், சீனப் புத்தாண்டுக்கு வந்த பிஸ்கட் டின்னுக்குள் அடியில் விரித்த காகிதத்துக்கும் கீழே வைத்தேன். இந்த உயிர்ப்புத் திருநாளில் நீ அந்த இல்லத்துக்கு ஆயுசு முழுக்க உன்னை ஒப்புக்கொடுக்கப் போகிறாய் என்பதும், தாய் தகப்பன் இருவரும் அறிந்தே அனுப்புகிறோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் சிஸ்டர் அதை ஏற்பார் என்பதும் அதில் இருந்தது. ஏன் அப்படி ஒரு விதி என்று நீ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய், இங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் பெற்றவர்களிடம் பொய் சொல்லிச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், அதனால் இந்த வீட்டில் பெற்றவர்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது அப்பா என்று. அதைப் படித்த பிறகும் டின்னை மூடினேன். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவள் இரண்டு வருஷம் தாண்டிவிட்டாள், கையெழுத்தைப் போடாமல் இழுத்தால் திருநாள் போய்விடும், சிஸ்டருக்கு அலுத்துவிடும், மகள் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிவிடுவாள், இதுதான் என் கணக்கு. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவனுக்கு மேலே போவதைப் பாதியில் நிறுத்தத்தான் தெரியும்போல.

அது மட்டும் இல்லை. நீ கம்போடியா போன மாதத்திலிருந்து, மாதத்துக்கு ஒரு தடவை, என்ன கருத்து என்று அம்மாவுக்குச் சொல்லாமல், பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி எழுதுகிற கருத்து உறையைக் கோயில் ஆபிஸில் வாங்கி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன், பரீட்சைக்கு முன்னால் நீ எழுதிப் போடுவாயே, அதே உறைதான். என் கருத்து எப்போதும் ஒன்றுதான், மகள் மிரண்டா சீக்கிரம் வீடு திரும்ப. இருபத்தாறு மாதம், இருபத்தாறு உறை. என் தகப்பனார் நினைவுக்கு எழுதுகிறேன் என்று அம்மா நினைத்திருந்தாள், அவர் உயிரோடு இருந்தபோது நான் அவருக்கு ஒரு கடிதாசி கூடப் போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தும் நம்பினாள் பார். இந்த மாதம் ஆபிஸில் புது உறை அடித்திருக்கிறார்கள். பழைய உறையில் மேலே இருக்கும் முதல் கட்டம் வேண்டுதல். புது உறையில் முதல் கட்டம் இறந்தோர். கண்ணாடி அம்மாவின் கைப்பையில், அம்மா பத்தடி தூரத்தில் ஆபிஸ் ஆனியிடம் பேசிக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அவசரம், பழக்க தோஷத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டு, உன் முழுப் பெயரை எழுதிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். வேண்டுதல் உறையைப் பீடத்தில் வைப்பதோடு சரி, நன்றியையும் இறந்தோரையும்தான் மைக்கில் வாசிப்பார்கள், இறந்தோர் என்றால் பெயரை மட்டும்.

போன ஞாயிறு அம்மாவுக்குச் சிராங்கூனில் மறைக்கல்வி ஆசிரியர் கூட்டம், அவள் நம் கோயில் பூசைக்கு வரவில்லை. நானும் ஜோனாவும் பரோட்டா முடித்து உள்ளே நுழையும்போது முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே நம் ரிச்சர்ட், தெரியுமே, அறிவிப்பு வாசித்தாலே அழுகை வருகிற கனத்த குரல் ரிச்சர்ட், இறந்தவர்கள் பட்டியலில் மிரண்டா இயேசுதாசன் என்று வாசித்துவிட்டு நடுவில் நின்றுபோய், கண்ணைத் துடைத்து, மறுபடி ஆரம்பித்தாராம். கோயில் முழுக்கக் கேட்டது, பெற்றவன் ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் ரிச்சர்ட் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எப்படிண்ணே தாங்கிக்கிறீங்க என்றார். என் முட்டிச் சேதி எப்படி இவருக்குப் போயிற்று என்று எனக்கு உள்ளூரப் பெருமை. தாங்கித்தானே ஆகணும், நம்ம வயசுல எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான் என்றேன். முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுச்சா என்றார். ரெண்டு மாசமாவே சரியில்ல, நான்தான் அலட்சியமா விட்டுட்டேன் என்றேன். அவர் உதடு துடிக்கிறது, நான் தேற்றுவதாக நினைத்து, விடுங்க ரிச்சர்ட், ஒன்னு போனா என்ன, இன்னொன்னு இருக்குல்ல, அத வச்சு மிச்ச காலத்த ஓட்டிடலாம்லா என்று சிரித்தேன். பக்கத்தில் ஜோனா நின்றுகொண்டிருந்தான். ரிச்சர்ட் அவனை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். ஆனி ஓடிவந்து தன் ஜெபமாலையையே கழற்றி என் கையில் வைத்து அழுத்தினாள். ஒரு முட்டிக்கு இவ்வளவு பக்தியா என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன், ஜோனா நண்பர்களோடு போய்விட்டான்.

வந்து உட்கார்ந்து முட்டியில் ஐஸ் பை வைத்தேன், கதவு தட்டுகிற சத்தம். நாலாம் மாடி கமலா. கண்ணெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் சுப்பிரமணியத்தின் பூக்கடையில் கோயில்காரர்கள் சிலர் பூ வாங்கும்போது விஷயத்தைச் சொல்லி, அவர் உடனே இவளுக்குப் போன் போட்டிருக்கிறார், அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கமலா நாற்காலியில்கூட உட்காராமல், அண்ணே, அவ இருக்கிற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் செஞ்சு குடுத்திருந்தேன், இனிமே நான் ஏன் மறைக்கணும் என்று ஆரம்பித்தாள். உனக்குத்தான் தெரியுமே, வம்பு வருகிறது என்றால் எனக்கு முதல் வாக்கியம் மூளையில் ஏறாது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் சொன்னது தன் மகள் கவிப்ரியாவின் ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரீட்சை முடிவு வந்த நாளைப் பற்றி. ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நம் புளோக்கின் மேல்மாடிக்கு ஏறியிருக்கிறது, லிஃப்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று படியிலேயே ஏறியிருக்கிறது. நீ ஏதோ காரணத்துக்குக் கதவைத் திறந்தவள், அது மேலே போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போயிருக்கிறாய். உம்மக ஒன்னும் கேக்கல அண்ணே, புத்தி சொல்லல, பக்கத்துல உக்காந்து செருப்புல இருந்த அழுக்க சுரண்டிக்கிட்டு இருந்தாளாம், மூணு மணி நேரம், எம்பிள்ள தானா எழுந்து பசிக்குதுக்கான்னு சொல்ற வரைக்கும் என்றாள். அன்னிக்கு அவ மட்டும் கதவத் திறக்கலன்னா என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மிரண்டா, அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேற்படிப்பு உதவித்தொகைக்கு இரண்டு மணிக்கு உனக்கு நேர்காணல். நீ போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், மறந்துட்டேம்பா என்றாய். மறக்கிற விஷயமா இது என்று கத்தினேன், ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, சொந்தக்காரர்களிடம் எல்லாம் என் மகளுக்குப் பொறுப்பு கிடையாது என்று சொல்லித் திரிந்தேன். நீ வாயையே திறக்கவில்லை. அங்கே போய் அந்தச் சிஸ்டர் பேச்சைக் கேட்டுத்தான் உனக்கு இந்த எண்ணம் பிடித்துக்கொண்டது என்று இருபத்தாறு மாதமாக அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேனே, பாவம் அந்த அம்மா, அவர் உன்னைக் கண்ணால் பார்ப்பதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே ஆண்டவர் உன்னை நம் புளோக் படிக்கட்டில் கூப்பிட்டுவிட்டார், நான் கீழே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்பண்ணே அடக்கம், உடம்ப இங்க கொண்டு வருவாங்களா, அங்கேயேவா என்று கேட்டாள். யாருக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிற்று, அதாவது தப்பாக விளங்கிற்று. ரிச்சர்டின் கை, ஆனியின் ஜெபமாலை, எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்று விளங்கிற்று. இரண்டு பத்துக்கு உன் எண்ணை அழுத்தினேன். நாலு தடவை மணி அடித்தது. அந்த நாலு மணியைப் பற்றி நான் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. பிறகு தண்ணீர்ச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், அதற்கு நடுவில் நீ, என்னப்பா, குளிக்க வச்சிட்டிருக்கேன், அப்புறமா பேசலாம்லா என்று வைத்துவிட்டாய். கம்போடியாவில் இவ்வளவு நாள் இருந்தும் நம் ஊர்ப் பேச்சின் அந்த லா உன்னை விட்டுப் போகவில்லை, அந்த ஓர் எழுத்தைக் கேட்டுத்தான் நான் தரையில் உட்கார்ந்தேன். ஞாயிறு அப்பா கூப்பிட்டு ஏன் ஒன்றும் பேசவில்லை என்று நீ கேட்டதற்கு லைன் சரியில்லை என்று அம்மா சொன்னாள் அல்லவா, லைன் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் தரையில் இருந்தேன்.

இதற்குள் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. சுப்பிரமணியம் மல்லிகையும் ரோஜாவுமாக இரண்டு கூடை பூவோடு டாக்சியில் வந்து இறங்கினார், கோயில்காரர்கள் அறுபது பேர், பீஹூன் நூடுல்ஸ் தட்டு மட்டும் ஐந்து. நான் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, என் மகள் உயிரோடு இருக்கிறாள், தப்பான கட்டத்தில் டிக் போட்டவன் நான்தான் என்று அறிவித்தேன். அப்புறம் ஆனி, அங்கிள், நான் காலையிலேருந்து அழுது அழுது எனக்குத் தலவலி என்று திட்ட ஆரம்பித்தாள், ரிச்சர்ட், அப்ப அந்த இன்னொன்னு இருக்குன்னு சொன்னது என்றார், முட்டி என்றேன், அவ்வளவுதான், கீழ்த்தளமே அதிர்ந்தது. பீஹூனை வீணாக்க முடியுமா, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உயிர்ப்புத் திருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே உன் உயிர்ப்பை நாங்கள் கொண்டாடி முடித்துவிட்டோம், உன் தோழி இனியா உன் கைபேசிக்கு அழுகிற முகமாக அனுப்பியதற்கும் இதுதான் காரணம், அவளுக்கு ஒரு பதில் போட்டுவிடு.

அம்மா வந்தபோது கடைசித் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூட்டிப்போய் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன், இருபத்தாறு உறையையும் சேர்த்து. கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாக, இருபத்தாறு மாசமா நீங்க அவ திரும்பி வரணும்னு எழுதிப் போட்டீங்க, அதே பூசையில உக்காந்து நான் அவ அங்கயே நிலைச்சு நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன், ஆண்டவரும் என்னதான் செய்வாரு பாவம் என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிஸ்கட் டின்னை எடுத்து வந்து திறந்து, அடிக் காகிதத்தைத் தூக்கி, தாளை எடுத்து அவளிடம் கொடுக்கப் போனேன். அதில் வெரோனிகா என்று அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். தேதி ஜனவரி பத்தொன்பது. தாள் வந்து மூன்றாம் நாளே கண்டுபிடித்து, போட்டு, இருந்த இடத்திலேயே வைத்து, மேலே பிஸ்கட்டை அடுக்கியிருக்கிறாள். ஏன் சொல்லல என்றேன். உங்க கோட்ல நீங்கதான போடணும், எத்தன நாள்தான் ஒளிச்சு வைப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன், பிஸ்கட்டும் தீந்து போச்சு என்றாள்.

உடனே போடவில்லை, முதலில் குளிர்பெட்டியைப் போய்ப் பார்த்தேன். நீ அனுப்புகிற படங்களை அம்மா அதில்தான் ஒட்டியிருக்கிறாள், பிள்ளைகளின் முகத்தைக் காட்டக்கூடாது என்ற உங்கள் விதிப்படி பதினான்கு பின்னந்தலை. முகம் தெரியாத பிள்ளைகளுக்காக முகம் தெரிந்த மகளைக் கொடுக்கணுமா என்று அந்தப் பக்கமே திரும்பாமல் பால் எடுத்துக்கொண்டு போவேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். மல்லிகை என்று அர்த்தம் என்று சொன்னாயே, மாலிஸ், ஒன்பது வயது, இரட்டைச் சடை. நீ அங்கே போய்ச் சேர்ந்த வருஷத்துப் படத்தில் செங்கல் சுமந்த இடது தோள் இரண்டு விரல்கடை இறங்கி இருக்கிறது. அதற்கடுத்த படத்தில் ஒரு விரல்கடை. இந்தக் கிறிஸ்மஸ் படத்தில் இரண்டு தோளும் சமம். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் ஓடுகிற தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்த்த கண் இது, ஒரு நூல் சாய்ந்தாலும் தெரியும். சமமாகத்தான் இருக்கிறது மிரண்டா. நல்ல வேலை செய்திருக்கிறாய். பதினான்கு முதுகையும் வரிசையாகப் பார்த்தேன், இன்னும் இரண்டு பேருக்கு வேலை பாக்கி இருக்கிறது, நீல ரிப்பனும் குட்டை முடியும். அதை முடிக்காமல் நீ எப்படி வர முடியும். குளிர்பெட்டிக் கதவின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன், அதனால்தான் ஓரிடத்தில் பேனா குத்தியிருக்கிறது.

நேற்றுக் காலை மேல்மாடிக்குப் படியிலேயே ஏறினேன். லிஃப்ட்காரன் படியேறுவது எங்கள் தொழிலுக்கே அவமானம், முட்டி வேறு ஒவ்வொரு மாடியிலும் நின்று கேள்வி கேட்டது. நீங்கள் உட்கார்ந்திருந்த படி எது என்று தெரியாததால் எல்லாப் படியிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தேன். அன்றைக்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தேனே, அதற்கு அப்பாவை மன்னித்துவிடு.

அங்கிருந்து இறங்கி நேரே கோயில் ஆபிஸுக்குப் போனேன். நான் எழுதும் உறையை இனிமேல் தானே படித்துப் பார்த்துத்தான் வாங்குவதென்று ஆனி முடிவு செய்திருக்கிறாள். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றி என்ற கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்து, டிக் போட்டு, மிரண்டாவுக்காகவும் அவளுடைய பதினான்கு பிள்ளைகளுக்காகவும் என்று எழுதினேன். ஆனி படித்துவிட்டு, அங்கிள், கல்யாணமாகாத பொண்ணு, இத ரிச்சர்ட் அங்கிள் மைக்ல அப்படியே வாசிச்சா சனங்க என்ன பேசும், இல்லத்துப் பிள்ளைகள்னு மாத்துங்க என்றாள். போன வாரம் செத்துட்டான்னு பேசுன சனங்கதானே, இந்த வாரம் பதினாலு பெத்துட்டான்னு பேசட்டும்லா, ஒரு எழுத்தும் மாத்தாத என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் ஞாயிறு வாசிப்பார்கள், நான் பரோட்டாவைப் பிறகு பார்த்துக்கொள்வதாக இருக்கிறேன், முதல் ஆளாய் முன்வரிசையில் உட்காருவேன்.

மோட்டார் சைக்கிளில் போனால் தலைக்கவசம் போடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல், திட்டியதைச் சொல்லாதே. தாளை மடிப்பு கலையாமல் எடுத்துக் கொடு, திருநாளுக்கு முன் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல். ஆண்டவர் உன்னை அழைத்த இடத்திலேயே உன்னை நிலைநிறுத்தி, உன் கையால் நிமிரும் முதுகுகளை எல்லாம் ஆசீர்வதிக்கட்டும். அம்மாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை வரைகிறோம், அப்படியே பதினான்கு நெற்றியிலும் எங்களுக்குப் பதிலாக நீ வரைந்துவிடு, நாங்கள் பின்பக்கம்தான் பார்த்திருக்கிறோம்.

உன் அப்பாவும்,
மீசைக்கு மை அடிப்பதை நேற்றோடு நிறுத்திவிட்ட, பதினான்கு பேருக்குத் தாத்தாவுமான,
இயேசுதாசன்